ஈஸி ரூட்!

'ரொம்ப ஈஸி ரூட் ஸார், குழந்தைகூடப் போகும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் நம்பினேன். அதற்கப்புறம் ஒரு வாரம் ஆபீஸ் மாடிப்படியைப் பார்த்தாலே என் முழங்கால் அழுதது.

ஆரம்பித்து வைத்தவர் டாக்டர். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "என்ன வேலை பண்றீங்க?" என்றார்.

"பி.காம். ஸார். பகல்ல கணக்கு எழுதறேன், ராத்திரில பத்திரிகைக்கு எழுதறேன்."

"ரெண்டும் உட்கார்ந்தேவா?"

"நின்னுக்கிட்டு எழுதினா எடிட்டர் கூடுதலாக் காசு தர மாட்டார் ஸார்."

அவர் சிரிக்கவில்லை. முப்பத்தாறு வயசுக்கு இந்தச் சர்க்கரை ரொம்ப ஜாஸ்தி, நடங்கள் என்றார்.

அதே வாரம் பாரிஸிலிருந்து சித்தி மகன் வாட்ஸ்-அப்பில் போட்டோ அனுப்பினான். பாண்டிச்சேரியில் பஸ் ஸ்டாண்டுக்குக்கூட ரிக்‌ஷா கேட்கிற பயல், முதுகில் மூட்டையோடு ஃபோந்தேன்ப்ளோ என்ற காட்டில் நிற்கிறான்! பாரிஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாமாம். நெப்போலியன் படையில் சிப்பாயாக இருந்து காயம்பட்ட தெனெக்கூர் என்பவர், 1842-ல் அங்கே சாதாரண ஜனங்கள் நடப்பதற்காகப் பாதை குறிக்க ஆரம்பித்தார். கைக்காசைப் போட்டு, பாறையிலும் மரத்திலும் நீல நிற அம்புக்குறி வரைந்து கொண்டே போனவர், கண் மூடுவதற்குள் சுமார் 150 கிலோமீட்டருக்கு வழி பண்ணிவிட்டார். உலகத்தில் முதன்முதலாக அடையாளம் போட்ட நடைவழி இதுதான் என்று பிரெஞ்சுக்காரர்கள் மார்தட்டிக் கொள்கிறார்கள். போட்டோவுக்குக் கீழே தம்பியின் குறிப்பு: 'உங்க ஊர்ல இதெல்லாம் ஏது?'

எனக்குச் சுர்ரென்றது. தெள்ளாறு எறிந்த நந்திவர்மன் பாண்டியனைத் துரத்தியடித்த ஊர்க்காரனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? (போர் நடந்தது ஒன்பதாம் நூற்றாண்டில். அதற்கப்புறம் எங்கள் தெள்ளாரில் யாரும் யாரையும் துரத்தவில்லை என்பது வேறு விஷயம்.)

ஆரணியில் பட்டு நெய்யும் என் சிநேகிதனுக்குப் போன் போட்டேன். "தை அமாவாசைக்குத் தறி ஓடாது மச்சான். திருவண்ணாமலை போலாம். ரமணாசிரமத்துலேர்ந்து ஸ்கந்தாசிரமம். ஈஸி ரூட்" என்றான். இது நடந்தது 2023-ல். அன்றைக்குச் சனிக்கிழமை. நான் லீவு போட்டேன். ஆபீஸ் ஜூனியர் தம்பியும் வருவதாகச் சொல்லி, புது ஷூ, கூலிங் கிளாஸ் சகிதம் வந்து இறங்கினான்.

"அம்மாகிட்ட ஆபீஸ்னு சொல்லிட்டு வந்துட்டேன் ஸார். மலைன்னா பயப்படுவாங்க."

"சமர்த்து" என்றேன். அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

ஆசிரமத்தின் பின்பக்கம் ஒரு கேட். அதைத் தாண்டினால் காடு. சுமார் ரெண்டு கிலோமீட்டர், பெரும்பாலும் கல் பாவிய பாதை. ஐந்தாவது நிமிஷம் நான் ஒரு பாறையைப் பார்த்து, "ஆஹா, என்ன அழகான பாறை!" என்று உட்கார்ந்தேன். பத்தாவது நிமிஷம் இன்னொரு அழகான பாறை. எழுபது வயசு வெள்ளைக்கார அம்மா ஒருத்தர் கும்பிடு போட்டபடி என்னைத் தாண்டிப் போனார். அடுத்தது நம்மூர்ப் பாட்டி, செருப்புகூட இல்லை, தலையில் கூடை. "இன்னா சாமி, ஒடம்பு சரியில்லையா?" என்று விசாரித்து விட்டுப் போனார்.

நெசவுக்காரன் மட்டும் ஆடு மாதிரி ஏறினான். "எப்படிடா?" என்றேன்.

"நாள் பூரா குழித்தறியில மிதி மிதிக்கிற காலு மச்சான். ஆனா அங்க எவ்ளோ மிதிச்சாலும் ஒக்காந்த எடத்துலயேதானே இருக்கேன்? இங்க ரெண்டு அடி வெச்சா ரெண்டு அடி நகருது பாரு, அதான் குஷி!"

ஒன்று சொல்ல வேண்டும். இந்த மலை ஒரு காலத்தில் மொட்டையாகக் கிடந்தது. எண்பதுகளின் கடைசியிலிருந்து யார் யாரோ கன்று நட்டு, குடம் குடமாய்த் தண்ணீர் சுமந்து, கோடையில் தீ பிடித்தால் ஓடிப் போய் அணைத்து, இந்த நிழலை உண்டாக்கியிருக்கிறார்கள். பாதையோரப் புல்லைக் கசக்கி மோந்தால் எலுமிச்சை வாசனை.

பாதி வழியில்தான் வம்பு. கல் பாதையிலிருந்து இடதுபுறம் ஒரு தடம் விறுவிறுவென்று மேலே போயிற்று. தம்பிக்குக் கண் விரிந்தது. "ஸார், உச்சி அதோ தெரியுது! இப்படிப் போனா ஒரு மணி நேரம். செல்ஃபி எடுத்துட்டு வந்துடறேன்." ஷூவின் ஒரு கால் அதற்குள் அந்தப் பக்கம்.

ஓரமாக உட்கார்ந்து மாக்கல்லில் பிள்ளையார் செதுக்கிக் கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே சொன்னார்:

"அது பாதை இல்ல தம்பி. தண்ணி வந்த வழி."

மூன்று பேரும் பார்த்தோம். சத்தியமாகப் பாதை மாதிரிதான் இருந்தது. "மழை அறுத்த எடம். கொஞ்ச தூரம் இட்டுக்கினு போவும், அப்புறம் பாறையில வுட்டுடும். ஏறிடலாம், எறங்க முடியாது. சைடுல பூரா காஞ்ச புல்லு. எவனாவது பீடி போட்டா முடிஞ்சிது." உச்சிக்குப் போக வனத்துறை அனுமதி வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். உளி நிற்கவேயில்லை.

எனக்குக் குரங்கணி ஞாபகம் வந்தது. 2018, மார்ச் 11. தேனி மாவட்டத்தில் மலையேறப் போனவர்கள். சென்னை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து சனி, ஞாயிறுக்குக் கிளம்பிய நம்மைப் போன்ற ஆபீஸ்காரர்கள் அதில் நிறைய. காய்ந்த புல்லில் தீ, காற்று வேறு. எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் சிக்கிக் கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் இறந்தவர்களையும் சேர்த்து 23 பேர். அவர்கள் போன வழிக்கு அனுமதி கிடையாது என்று அப்புறம் அரசாங்கம் சொன்னது.

தம்பியிடம் இதைச் சொல்லி, "இப்ப உனக்கு ஏதாவது ஆனா, உங்கம்மா எங்கே வந்து தேடுவாங்க? ஆபீஸ்லயா?" என்றேன். காலை இந்தப் பக்கம் எடுத்து வைத்தான்.

ஸ்கந்தாசிரமம் வந்தது. தென்னை, சுனை, நிழல். கீழே அண்ணாமலையார் கோயில் கோபுரங்கள் கொலு பொம்மை மாதிரி. 217 அடி ராஜகோபுரம்கூட அங்கிருந்து பார்த்தால் கைக்கடக்கம்தான். கந்தசாமி என்ற பக்தர் முள்ளும் கல்லுமாய்க் கிடந்த இடத்தை ஒற்றை ஆளாய்ச் சீர் செய்து தென்னை வைத்தாராம், அதனால் அவர் பேர். ரமணர் 1916 முதல் 1922 வரை இங்கே இருந்தார். தாயார் காலமாகி அடிவாரத்தில் சமாதி வைத்த பிறகு, அடிக்கடி இறங்கி அங்கே போய் வந்து, அந்த வருடக் கடைசியில் கீழேயே தங்கிவிட்டார். தெனெக்கூர் அம்புக்குறி போட்டார், நம்மாள் தென்னங்கன்று போட்டார். சித்தி மகனுக்கு இதை உடனே டைப் அடித்தேன். பதில், வெறும் கட்டைவிரல்.

சுனைப் பக்கம் திரும்பினால் தம்பி போனில். "அம்மா... நான் ஆபீஸ்ல இல்லம்மா... இல்ல, திருவண்ணாமலை... ஆமா, மலை மேலதான்..." அதற்கப்புறம் ரொம்ப நேரம் அவன் பேசவில்லை, கேட்டுக் கொண்டிருந்தான்.

அந்தக் கல்தச்சர் சொன்ன வார்த்தை அடுத்த வருடம் என்னைத் தூங்கவிடவில்லை. 2024, டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் மழை. இதே மலையின் அடிவாரத்தில், வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டை மூடியதில் ஏழு பேர் போனார்கள், அதில் ஐந்து குழந்தைகள். டி.வி.யில் மலையின் மேல் செம்மண் கோடு ஒன்று தெரிந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் பாதை மாதிரியே இருந்தது.

அந்த வருடம் அக்டோபரில் அரசாங்கம் 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. சுலபம், நடுத்தரம், கடினம் என்று தரம் பிரித்து, ஆன்லைனில் முன்பதிவு, கூடவே அந்தந்த ஊர்க்காரர் வழிகாட்டி. காட்டுத்தீ சீஸனில் மூடிவிடுகிறார்கள். எங்கள் பக்கத்து ஆசாமிகளுக்குத் தோதானது திருவள்ளூர் மாவட்டம் குடியம் குகை, கற்கால மனிதன் புழங்கிய இடம். திருவண்ணாமலையானால், கிளம்புமுன் எந்த வழி திறந்திருக்கிறது என்று விசாரித்து விடுங்கள்.

சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. குடியத்துக்கு மூன்று டிக்கெட் போடலாமென்று தம்பியைக் கூப்பிட்டேன். நெசவுக்காரனுக்குத் தோதாக அமாவாசையாகப் பார்த்துத்தான்.

"நாலாப் போடுங்க ஸார்" என்றான். "அம்மாவும் வராங்களாம். ஈஸி ரூட்தானேன்னு கேட்கறாங்க. என்ன சொல்லட்டும்?"