பொய்ச்சொல்லை வாசிப்பதும் வாசிப்புதான்

இங்கிலாந்தில் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில், முதலாம் ஆண்டில் படிக்கும் ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகள் ஒவ்வொருவராக ஆசிரியர் முன் உட்கார்ந்து 40 சொற்களை உரக்க வாசிக்கிறார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும் சோதனை இது. 20 சொற்கள் ஆங்கிலத்தில் வழங்குபவை. மற்ற 20 எந்த அகராதியிலும் இல்லாதவை, சோதனைக்கென்றே எழுத்துகளைக் கூட்டிக் கட்டியவை. குழந்தை குழம்பக் கூடாது என்பதற்காக அந்தப் பொய்ச்சொற்களின் பக்கத்தில் ஒரு கற்பனைப் பிராணியின் படம் இருக்கும். எழுத்துக்குரிய ஒலிகளைக் கூட்டி வாசிக்கும் ஃபோனிக்ஸ் முறையைச் சோதிக்க 2012இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த இந்தச் சோதனையை அன்று முதல் இன்று வரை ஆசிரியர் சங்கங்களும், கல்வித்துறைப் பேராசிரியர்களில் ஒரு சாராரும், மைக்கேல் ரோசன் போன்ற புகழ்பெற்ற குழந்தை எழுத்தாளர்களும் எதிர்த்துவருகிறார்கள். வாசிப்பது என்றால் பொருள் கொள்வது, பொருளே இல்லாத சொல்லை உச்சரிக்க வைப்பது வாசிப்பைச் சோதிப்பதாகாது என்பது அவர்கள் வாதத்தின் சாரம். குழந்தைகள் மேலுள்ள அக்கறையிலிருந்துதான் இதைச் சொல்கிறார்கள். கேட்டவுடன் சரியென்றும் தோன்றுகிறது. ஆனால் எழுத்திலிருந்து பொருளுக்குக் குழந்தை எந்த வழியாகப் போகிறது என்ற கேள்வியை இந்த வாதம் கேட்பதே இல்லை.

அந்த வழியைப் பற்றி அரை நூற்றாண்டாக ஒரு தவறான கருத்து வகுப்பறைகளில் நிலவியது. 1967இல் அமெரிக்கக் கல்வியாளர் கென்னத் குட்மன் வாசிப்பை ஒருவகை ஊக விளையாட்டு என்று விளக்கினார். சூழலையும் வாக்கிய அமைப்பையும் கொண்டு சொல்லை ஊகிப்பவரே நல்ல வாசகர் என்றார். இதை நம்பிய ஆசிரியர்கள், சொல் தெரியாமல் திணறும் குழந்தையிடம் படத்தைப் பார், முதல் எழுத்தைப் பார், எது பொருந்தும் என்று யோசி என்று சொல்லிக்கொடுத்தார்கள். பின்னர் நடந்த ஆய்வுகள் இதற்கு நேர்மாறான உண்மையைக் காட்டின. தேர்ந்த வாசகர் சூழலை நம்பி ஊகிப்பதில்லை, சொல்லின் எழுத்துகளையே பார்க்கிறார். எழுத்தைப் படிக்கத் திணறுபவர்தான் ஊகத்தைப் பற்றிக்கொள்கிறார். படம் நிறைந்த முதல் வகுப்புப் புத்தகத்தில் ஊகம் ஓரளவு எடுபடும். படங்கள் மறைந்து, பக்கத்துக்குப் பக்கம் புதிய சொற்கள் வரும் நான்காம் வகுப்பில் அது கைகொடுக்காது. அங்கே சிக்கிய பிறகு குழந்தையின் குறையைக் கண்டுபிடிப்பது மிகத் தாமதம்.

முன்கூட்டியே கண்டுபிடிக்க வேண்டுமென்றால், குழந்தை இதுவரை பார்த்தே இராத ஒரு சொல்லைக் கொடுத்து வாசிக்கச் சொல்ல வேண்டும். உண்மையான சொற்களில் எதைக் கொடுத்தாலும், அதைக் குழந்தை முன்பே உருவமாக மனப்பாடம் செய்திருக்கிறதா என்று ஆசிரியரால் அறிய முடியாது. பொய்ச்சொல்லை யாரும் மனப்பாடம் செய்திருக்க முடியாது. அதைச் சரியாக வாசிக்க ஒரே வழி, எழுத்துக்குரிய ஒலியை நினைவுகூர்ந்து ஒலிகளைச் சேர்ப்பது. இந்தச் சோதனையில் தேறுவதற்கான எல்லை 40க்கு 32. உண்மைச் சொற்கள் இருபதையும் உருவத்தால் அடையாளம் கண்டு, ஒரு பொய்ச்சொல்லையும் வாசிக்க முடியாத குழந்தைக்கு 20 கிடைக்கும். உண்மைச் சொற்களை மட்டும் கொண்ட சோதனையில் அதே குழந்தை முழு மதிப்பெண் பெற்று, சிக்கலே இல்லை என்ற சான்றிதழோடு அடுத்த வகுப்புக்குப் போயிருக்கும். பொய்ச்சொற்களை நீக்கச் சொல்பவர்கள் இந்தக் குழந்தையை எப்படி அடையாளம் காண்பார்கள் என்று சொல்வதில்லை.

பொய்ச்சொல் இயற்கைக்கு மாறானது என்ற வாதமும் நிற்காது. ஐந்து வயதுக் குழந்தைக்கு ஆங்கில அகராதியின் பெரும்பகுதி பொய்ச்சொற்களே. 'க்வென்ச்' என்ற சொல்லைக் காதால் கேட்டிராத குழந்தைக்கு, அதற்கும் சோதனைக்கெனக் கட்டிய சொல்லுக்கும் என்ன வேறுபாடு? தமிழ் வாசிக்கத் தெரிந்தவர், கேள்விப்பட்டே இராத ஊரின் பெயரைப் பேருந்தின் பெயர்ப்பலகையில் தயங்காமல் படிக்கிறார். அந்தத் திறனைத்தான் இங்கே சோதிக்கிறார்கள். இஸ்ரேலிய உளவியலாளர் டேவிட் ஷேர் 1995இல் முன்வைத்த சுயகற்றல் கோட்பாடு இதன் பயனை விளக்குகிறது. புதிய சொல்லை ஒலியாக மாற்றத் தெரிந்த குழந்தை ஒவ்வொரு முறை அப்படிச் செய்யும்போதும் அந்தச் சொல்லின் எழுத்துருவை மனத்தில் பதித்துக்கொள்கிறது. சில முறைக்குப் பிறகு கூட்டிப் படிக்கும் தேவையே இருப்பதில்லை, பார்த்தவுடன் வாசிக்கிறது. சரளம் பிறப்பது இப்படித்தான். கூட்டிப் படிக்கத் தெரியாத குழந்தைக்கு ஒவ்வொரு புதிய சொல்லையும் இன்னொருவர் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும்.

நன்றாக வாசிக்கும் குழந்தைகளே இந்தச் சோதனையில் தடுக்கி விழுகிறார்கள் என்பது அடுத்த குற்றச்சாட்டு. 'ஸ்ட்ரோம்' என்ற பொய்ச்சொல்லைப் பார்த்து, புயலைக் குறிக்கும் 'ஸ்டோர்ம்' என்று வாசித்த குழந்தைகளை உதாரணம் காட்டுகிறார்கள். பொருள் தேடும் மனம் அந்தக் குழந்தைக்கு இருக்கிறது, அதற்காக அதைத் தண்டிக்கலாமா என்பது கேள்வி. ஆனால் அங்கே நடந்தது என்ன? ஆர் என்ற எழுத்து ஓ-வுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று குழந்தை பார்க்கவில்லை, ஏறத்தாழ ஒத்துப்போகும் ஒரு தெரிந்த சொல்லை எடுத்துப் பொருத்திவிட்டது. இதே பழக்கம் 'ஃப்ரம்' என்று இருக்கும் இடத்தில் 'ஃபார்ம்' என்று வாசிக்க வைக்கும், அப்போது வாக்கியமே சிதையும். ஒன்றிரண்டு சொற்களில் இப்படிச் சறுக்குவதால் நல்ல வாசகர் தவறிவிடுவதும் இல்லை. உண்மைச் சொற்கள் எல்லாவற்றையும் சரியாக வாசித்த குழந்தைக்குப் பொய்ச்சொற்களில் 12 சரியானால் போதும், எட்டில் தவறலாம். எட்டுக்கு மேல் தவறினால் அந்தக் குழந்தையின் வாசிப்பை ஒருமுறை நெருங்கிப் பார்ப்பதில் என்ன கெடுதல்? ஃபியோனா டஃப், மார்கரெட் ஸ்னோலிங் முதலிய ஆய்வாளர்கள் இந்தச் சோதனையின் மதிப்பெண்களை வேறு வாசிப்புச் சோதனைகளின் மதிப்பெண்களோடு ஒப்பிட்டபோது, இரண்டும் நெருங்கிய தொடர்புடையவை என்றே கண்டார்கள்.

ஆங்கில எழுத்துமுறை ஒழுங்கற்றது, அதற்கு ஒலிமுறைச் சோதனை எதற்கு என்றும் கேட்கிறார்கள். ஆங்கிலம் கடினம் என்பது உண்மை. 26 எழுத்துகளை வைத்து ஏறத்தாழ 44 ஒலிகளை எழுதுகிறார்கள், அதிலும் ஒரே ஒலிக்குப் பல எழுத்துக்கூட்டல்கள். பிலிப் சீமோரும் உடன் ஆய்வாளர்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் முதல் வகுப்பு முடியும்போது குழந்தைகள் பழக்கமான சொற்களில் 90%க்கு மேல் சரியாக வாசித்தார்கள். ஸ்காட்லாந்தில் ஆங்கிலம் படித்த குழந்தைகள் வாசித்தது சுமார் 34% மட்டுமே. இந்தக் கணக்கு காட்டுவது, ஆங்கிலத்தில் எழுத்தொலியைக் கற்பிக்க அதிகக் காலமும் ஒழுங்கான வரிசையும் தேவை என்பதை. கற்றது பதிந்ததா என்று பார்ப்பதும் அதனால் கூடுதலாகத் தேவைப்படுகிறது. விதிவிலக்குச் சொற்களிலும் பெரும்பாலான எழுத்துகள் விதிப்படியே ஒலிக்கின்றன. 'செட்' என்று நாம் சொல்லும் எஸ்-ஏ-ஐ-டியில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒழுங்கானவை, நடுவிலுள்ள இரண்டு மட்டுமே முரண்டுபிடிக்கின்றன. விதி தெரிந்த குழந்தைக்கு நினைவில் வைக்க வேண்டியது அந்த ஒரு முரண் மட்டும்தான்.

இனி, வலுவான ஆட்சேபம். தேர்ச்சி விழுக்காடு உயர்ந்ததே, வாசிப்பு உயர்ந்ததா? 2012இல் 58% குழந்தைகள் எல்லையை எட்டினார்கள். 2019இல் அது 82%. பெருந்தொற்றுக்குப் பின் 75%க்கு இறங்கி, 2024இல் 80%க்கு உயர்ந்தது. இந்த ஏற்றம் முழுவதையும் வாசிப்பின் வளர்ச்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எதிர்ப்பாளர்கள் சொல்வது சரி. தேர்ச்சி எல்லை 32 என்று முன்கூட்டியே தெரிந்திருந்த முதல் இரண்டு ஆண்டுகளில், 31 பெற்றவர்கள் மிகக் குறைவாகவும் 32 பெற்றவர்கள் திடீரென்று மிக அதிகமாகவும் இருந்தார்கள். விளிம்பில் நின்ற குழந்தைகளை ஆசிரியர்கள் கைதூக்கி விட்டிருக்கிறார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் சொல்வது கடினம். 2014 முதல் சோதனை முடிந்த பிறகே எல்லையை அறிவிக்கத் தொடங்கியதும் அந்தக் குவியல் பெரிதும் கரைந்தது. பன்னாட்டு வாசிப்பு ஆய்வான பெர்ல்ஸில் இங்கிலாந்து 2011இல் 552 புள்ளிகளும், 2016இல் 559 புள்ளிகளும் பெற்றது. 2016இல் பங்கேற்றவர்கள்தான் 2012இல் முதன்முதலாக ஃபோனிக்ஸ் சோதனைக்கு உட்பட்ட தொகுதி. 2021ஆம் ஆண்டுச் சுற்றில் பல நாடுகள் பெருந்தொற்றால் சரிந்தபோது இங்கிலாந்து 558 புள்ளிகளோடு நிலைத்தது. இதற்குச் சோதனையே காரணம் என்று அரசியல்வாதிகள் மார்தட்டிக்கொள்வதை நான் ஏற்கவில்லை. தொடக்க வாசிப்பைக் கற்பிப்பது பற்றிய ஜிம் ரோஸின் அறிக்கை 2006இல் வெளிவந்த நாளிலிருந்தே கற்பிக்கும் முறை மாறிவந்தது. அந்த மாற்றத்தின் பங்கையும் சோதனையின் பங்கையும் இந்தப் புள்ளிகளைக் கொண்டு பிரிக்க முடியாது. ஆனால் ஃபோனிக்ஸ் கற்பித்தால் குழந்தைகள் பொருள் கொள்ளும் திறன் சீரழியும் என்று எச்சரித்தவர்களுக்கு இந்தப் புள்ளிகள் எந்த ஆதரவும் தரவில்லை. பெர்ல்ஸ் முழுக்க முழுக்கப் புரிதலைச் சோதிப்பது.

சோதனைக்காகப் பொய்ச்சொற்களையே வகுப்பில் வாரக்கணக்கில் பயிற்றுவிக்கிறார்கள் என்ற புகாரில் உண்மை இருக்கிறது. அது வீண்வேலை. வகுப்பில் கற்பிக்க உண்மைச் சொற்களும் கதைகளும் வேண்டும், பொய்ச்சொல்லின் இடம் சோதனையில் மட்டும்தான். பள்ளிவாரியான முடிவுகளைத் தரவரிசைப் பட்டியலாகப் பொதுவில் வெளியிடுவதில்லை என்றாலும் பள்ளிகளைத் தணிக்கை செய்யும் அதிகாரிகள் அவற்றைப் பார்க்கிறார்கள். அந்த அழுத்தம் வகுப்பறைவரை வருகிறது. செப்டம்பரில் பிறந்த குழந்தையையும், அதைவிடப் பதினோரு மாதம் இளையதாக ஆகஸ்டில் பிறந்த குழந்தையையும் ஒரே எல்லையால் அளந்து, ஒன்றைத் தேறியதென்றும் மற்றதைத் தவறியதென்றும் வீட்டுக்குச் சொல்லி அனுப்புவது அநியாயம். இவை எல்லாம் திருத்தப்பட வேண்டியவை. ஆனால் மதிப்பெண்ணைக் கையாளும் விதத்தில் உள்ள பிழைகள் இவை. பொய்ச்சொல் எதையும் அளக்கவில்லை என்பதற்கு இவற்றில் ஒன்றுகூடச் சான்றாகாது.

அது எதை அளக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வாசிப்பு ஆய்வாளர்கள் காஃபும் டன்மரும் 1986இல் சொன்னபடி, வாசித்துப் புரிந்துகொள்வதற்கு இரண்டு வேண்டும். எழுத்தை ஒலியாக்கும் திறன் ஒன்று, அந்த மொழியைக் கேட்டால் புரிந்துகொள்ளும் திறன் இன்னொன்று. ஒன்று பூஜ்யமானால் மற்றது எவ்வளவு இருந்தும் பயனில்லை. வீட்டில் ஆங்கிலம் பேசாத குழந்தைகள், லண்டனில் தமிழ் பேசும் வீடுகளில் வளர்பவர்கள் உட்பட, இந்தச் சோதனையில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளுக்கு ஏறத்தாழ இணையாகத் தேறுகிறார்கள். சொல்வளம் குறைவு என்பதற்காகச் சோதனை அவர்களைத் தண்டிக்கவில்லை. அதே காரணத்தால், அவர்களுக்கு ஆங்கிலம் எவ்வளவு புரிகிறது என்பதையும் அது சொல்லவில்லை. அதற்கு வேறு சோதனை வேண்டும். பல வளரும் நாடுகளில் பயன்படுத்தப்படும் எக்ரா என்ற தொடக்க வகுப்பு வாசிப்புச் சோதனை இதைச் சரியாகச் செய்கிறது. எழுத்தொலி, பொய்ச்சொல், சரளம், புரிதல் என்று தனித்தனியாக அளக்கிறது. குழந்தைகளின் கற்றலை அளக்கும் இந்தியாவின் ஏசர் ஆய்வில் உள்ள ஆங்கிலச் சோதனை எழுத்து, எளிய சொல், எளிய வாக்கியம் என்று போகிறது, பொருளும் கேட்கிறது. ஆனால் அதில் வருபவை அன்றாடப் பழக்கத்தில் உள்ள சொற்கள். கூட்டிப் படித்த குழந்தையையும் உருவத்தை மனப்பாடம் செய்த குழந்தையையும் அதைக் கொண்டு பிரித்தறிய இயலாது. ஃபோனிக்ஸ் என்ற பெயரில் கட்டணம் வாங்கும் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் பெற்றோர், பாடப்புத்தகத்தில் இல்லாத, பிள்ளை பார்த்திராத ஒரு சொல்லை எழுதிக்காட்டி வாசிக்கச் சொல்லலாம். எந்த எழுத்துச் சேர்க்கையில் தடுமாறுகிறது என்று குறித்துக்கொண்டு ஆசிரியரிடம் பேசலாம்.

இங்கிலாந்தில் முதலாம் ஆண்டில் தவறியவர்கள் இரண்டாம் ஆண்டில் மீண்டும் சோதிக்கப்படுகிறார்கள். அதன் முடிவில் மொத்தக் குழந்தைகளில் 89% பேர் எல்லையை எட்டிவிடுகிறார்கள். எஞ்சிய நூற்றுக்குப் பதினொரு குழந்தைகளுக்கு அதன் பிறகு நாடு தழுவிய ஃபோனிக்ஸ் சோதனை எதுவும் இல்லை. பொய்ச்சொற்களை நீக்கக் கோரிச் செலவாகும் உழைப்பு, அந்தக் குழந்தைகளுக்கு மூன்றாம் ஆண்டிலும் நான்காம் ஆண்டிலும் சோதனையும் தனிக் கவனிப்பும் கோருவதற்குத் திரும்ப வேண்டும்.