மொத்த வோல்டேஜை நம்பாதீர்கள்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நாம் எல்லோரும் ஒரு பழக்கத்திற்கு ஆளாகிறோம். திரையின் மூலையில் உள்ள பேட்டரி படத்தை அடிக்கடி பார்ப்போம். 100 என்று இருந்தால் நிம்மதி. 10 என்று வந்தால் சார்ஜரைத் தேடுவோம். லேப்டாப்பிற்கு இது போதும். இதே பழக்கத்துடன் ட்ரோன் பேட்டரியைக் கையாண்டால் நஷ்டம்தான் மிஞ்சும். இதனை ராசிபுரம் பக்கத்தில் ஒரு குச்சிக்கிழங்குக் காட்டில் நேரில் பார்த்தேன்.

காட்டில் இறங்கிய ட்ரோன்

என் சித்தியின் மகளிர் சுய உதவிக் குழு, மருந்து தெளிக்கும் ட்ரோன் ஒன்றை வங்கிக் கடனில் வாங்கியிருக்கிறது. விடுமுறைக்கு ஊருக்குப் போன நான், ஒரு நாள் காலையில் சித்தியுடன் காட்டிற்குப் போனேன். டேங்கில் மருந்து கலந்து ஊற்றியாயிற்று. ட்ரோன் கிளம்பியது. நான்காவது நிமிடத்தில் எச்சரிக்கை ஒலி எழுப்பிவிட்டு, செடிகளின் நடுவே தானாகவே இறங்கிவிட்டது. தோட்டத்துக்காரர் வரப்பில் நின்று முறைக்கிறார். "நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே கண்ணு, என்னன்னு பாரு" என்றார் சித்தி.

திரையில் அந்தப் பேட்டரியின் மொத்த வோல்டேஜ் 22.8 என்று இருந்தது. பாதிக்குச் சற்றுக் குறைவாகச் சார்ஜ் இருப்பது போன்ற அளவு. கோளாறு எதுவும் தெரியவில்லை. பிறகு செல் செக்கர் என்னும் சிறிய கருவியை மாட்டிப் பார்த்தோம். அந்தப் பேட்டரியில் 6 செல்கள். அவற்றில் 5 செல்கள் 3.9 வோல்ட் காட்டின. ஒன்று மட்டும் 3.3 காட்டியது.

கூட்டிப் பாருங்கள். ஐந்து 3.9 என்பது 19.5. அதனுடன் 3.3 சேர்த்தால் 22.8. ஆறு செல்லும் ஒழுங்காக 3.8 இருந்தாலும் அதே 22.8தான். ஒரு செல் செத்துக் கொண்டிருப்பதை மொத்தக் கணக்கு மறைத்துவிட்டது. மோட்டார்கள் வேகமெடுத்து மின்சாரம் இழுக்கும்போது, இந்த இளைத்த செல் 3 வோல்ட்டிற்கும் கீழே போகும். லித்தியம் செல் அந்த எல்லையைத் தாண்டினால் நிரந்தரமாகக் கெட்டுவிடும்.

லாரி பட்டறைப் பாடம்

நாமக்கல்காரர்களுக்கு இது புதிய விஷயம் அல்ல. லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளை வரிசையாக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் 6 அறைகள். மூடி திறக்கும் வகை பேட்டரியாக இருந்தால், அனுபவசாலி எலக்ட்ரீஷியன் ஒவ்வொரு மூடியாகத் திறந்து ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்ப்பார். ஆறில் ஒன்று இளைத்திருந்தால் பேட்டரியின் கதை முடிந்தது என்று அவருக்குத் தெரியும். இரண்டு பேட்டரிகளில் ஒன்றை மட்டும் புதிதாக மாற்றவும் அவர் சம்மதிக்க மாட்டார். பழையது புதியதையும் கெடுக்கும்.

ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. லாரியின் ஈய அமில பேட்டரியைச் சற்று அதிகமாகச் சார்ஜ் செய்தால், நிறைந்த அறைகள் வாயுவாகக் குமிழி விடும். பின்தங்கிய அறை அதற்குள் எட்டிப் பிடித்துவிடும். லித்தியத்தில் இந்த விளையாட்டு கூடாது. சாதாரண லித்தியம் பாலிமர் செல்லுக்கு 4.2 வோல்ட்தான் உச்சம். அதனைத் தாண்டினால் உப்பும், தீப்பிடிக்கவும் செய்யும். எனவேதான் பேலன்ஸ் சார்ஜர் தேவைப்படுகிறது. முந்தி நிறையும் செல்லில் இருந்து கொஞ்சம் மின்சாரத்தை வெப்பமாக வெளியேற்றி, மற்ற செல்களுடன் சமமாக வைக்கிறது. இந்த வேலை மெதுவாகத்தான் நடக்கும். அவசரமாகப் பிடுங்கிக் கொண்டு ஓடினால் பேலன்ஸ் முடிந்திருக்காது.

லேப்டாப்பில் இந்தத் தொல்லை நமக்கு ஏன் தெரிவதில்லை? பேட்டரிக்குள் இருக்கும் ஒரு சிறிய சர்க்யூட் செல்களைக் கண்காணிக்கிறது. அங்கும் ஒரு செல் கெட்டால் முழு பேட்டரிக்கும் ஆபத்துதான். 2006ஆம் ஆண்டில், சோனி தயாரித்த செல்களில் இருந்த குறைபாட்டால், டெல் நிறுவனம் சுமார் 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது.

ஸ்மார்ட் பேட்டரி போதாதா?

இப்போது வரும் பல ட்ரோன் பேட்டரிகளிலும் இது போன்ற சர்க்யூட் உள்ளது. எனவே கவலை வேண்டாம் என்று விற்பவர்கள் சொல்கின்றனர். இதில் பாதிதான் உண்மை. பேலன்ஸ் செய்வது சார்ஜை மட்டுமே சமமாக்கும். செல்லின் கொள்ளளவை அது கூட்டாது. இளைத்த செல் சார்ஜ் ஏறும்போது எல்லாவற்றிற்கும் முன்னால் நிறையும்; பறக்கும்போது எல்லாவற்றிற்கும் முன்னால் காலியாகும். காலையில் 6 செல்லும் 4.2 காட்டுவதால் நோய் இல்லை என்று பொருள் அல்ல. பறந்து வந்த பின் பார்த்தால்தான் நோய் தெரியும்.

சித்தியின் பேட்டரி ஏன் இளைத்தது? மழையால் இரண்டு வாரம் தெளிப்பு இல்லை. எப்போது கூப்பிட்டாலும் தயாராக இருக்க வேண்டும் என்று எல்லா பேட்டரிகளையும் முழுதாகச் சார்ஜ் செய்து, தகரக் கூரை அறையில் அடுக்கி வைத்திருந்தார்கள். முழுச் சார்ஜும் வெப்பமும் சேர்ந்தால் லித்தியம் செல் வேகமாக முதுமை அடையும். அதுவும் எல்லா செல்லும் ஒரே வேகத்தில் அடையாது. நல்ல எண்ணத்தில் செய்த காரியம்தான். தெளிப்பு நின்றால் ஏக்கர் கூலி நிற்கும். கடன் தவணை நிற்காது.

என் கருத்து

2023 நவம்பரில் மத்திய அரசு நமோ ட்ரோன் தீதி திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. 2025-26 வரையிலான காலத்திற்கு 1,261 கோடி ரூபாய். 15,000 மகளிர் குழுக்கள் இலக்கு. விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய், மானியம். கூடுதலாக 4 செட் பேட்டரிகளும் 15 நாள் பயிற்சியும் இதில் அடங்கும். நல்ல திட்டம். 15 நாளில் பறக்கவிடக் கற்றுக் கொள்ளலாம். ஒரு பேட்டரியின் குணம் தெரிய மாதக் கணக்கில் எழுதி வைக்க வேண்டும். எனவே, அரசு கொடுத்தாலும் கடையில் வாங்கினாலும், ஒவ்வொரு பேட்டரிக்கும் எண் இட்டு, முதல் நாள் செல் அளவுகளை எழுதிய பதிவேட்டுடன்தான் ட்ரோனை ஒப்படைக்க வேண்டும். பின்னர் வாரண்டி கேட்கும்போதும் அந்தப் பதிவேடே சாட்சி.

அந்தப் பதிவேட்டிற்கு உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரே போதும். எக்ஸெல் போன்ற ஒர்க்ஷீட்டில் தேதி, பேட்டரி எண், பிறகு 6 செல்களுக்கு 6 நெட்டு வரிசைகள் அமையுங்கள். கடைசி வரிசையில் அதிக அளவில் இருந்து குறைந்த அளவைக் கழிக்கும் பார்முலா. பறந்து வந்து ஆறிய பின் அளந்து எழுதுங்கள். வித்தியாசம் 0.1 வோல்ட்டைத் தொட்டால் நான் அந்தப் பேட்டரியைச் சந்தேகப்படுவேன். வாரா வாரம் கூடிக் கொண்டே போனால் வேலைக்கு அனுப்ப மாட்டேன்.

இவற்றையும் கவனியுங்கள்:

* பறந்து வந்த சூட்டோடு சார்ஜ் செய்யாதீர்கள்.
* ஓரிரு நாளுக்கு மேல் வேலை இல்லை என்றால், ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்தி, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். பல சார்ஜர்களில் இதற்கு ஸ்டோரேஜ் என்ற தேர்வு உண்டு.
* ஆள் இல்லாத நேரத்திலும், இரவு தூங்கும்போதும் சார்ஜ் செய்யாதீர்கள்.
* உப்பிய பேட்டரியைக் குத்தவோ அமுக்கவோ கூடாது. குப்பையிலும் போடக் கூடாது. 2022ஆம் ஆண்டு பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி, அவற்றைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது.

சித்தியின் குழுவில் இப்போது பேட்டரிகளுக்குப் பெயிண்ட்டில் எண் எழுதியாயிற்று. அன்று மாலை ஒர்க்ஷீட் அமைத்துக் கொடுத்தேன். சித்தியின் மகள் அளவுகளைப் பதிகிறாள். 3ஆம் எண் பேட்டரி மூலையில், தனியாக, ஒரு மணல் வாளியில் இருக்கிறது. அதன் மொத்த வோல்டேஜ் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது!