முதலில் வெயிலைப் பாருங்கள்

காலை ஏழு மணிக்குத் தேக்கா சந்தையின் பஃபலோ சாலைப் பக்கம் போனால், கறிவேப்பிலை கொத்துக் கொத்தாக அடுக்கியிருக்கும். பக்கத்திலேயே முருங்கைக்கீரை, புதினா, வாழைப்பூ, வெற்றிலை. அநேகமாக எல்லாமே கடலையோ எல்லையையோ கடந்து வந்தவை. சிங்கப்பூர் சாப்பிடுவதில் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதிதான். அதனால்தான் எங்கோ ஒரு கதவு சாத்தப்பட்டால் இங்கே பேச்சு கிளம்பிவிடுகிறது. 2019 செப்டம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியபோது பேசினோம். 2022 ஜூனில் மலேசியா கோழி அனுப்புவதை நிறுத்தியபோதும், 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டபோதும் பேசினோம். ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர், "கொஞ்சமாவது வீட்டிலேயே வளர்த்துக்கொள்ளலாமே" என்பார்.

நல்ல எண்ணம். ஆனால் அந்த வேகத்தில் வாங்கிய தொட்டிகள் சில மாதங்களில் மின்தூக்கிப் பக்கம் காலியாகக் கிடப்பதையும் நாம் பார்க்கிறோம். வளர்ப்பவருக்குக் கைராசி இல்லை என்று இதற்குக் காரணம் சொல்வதை நான் ஏற்பதில்லை. பெரும்பாலும் இரண்டு இடங்களில் தவறு நேர்கிறது. எதை எதிர்பார்க்கலாம் என்பது தெளிவாக இருப்பதில்லை. வெயிலை யாரும் அளப்பதில்லை.

முதலில் எதிர்பார்ப்பு. ஒரு கிலோ அரிசியில் ஏறத்தாழ 3,500 கலோரி இருக்கிறது. ஒரு கிலோ தண்டுக்கீரையில் 230 அளவுதான். ஒரு கிலோ அரிசி தரும் சக்தியைக் கீரையிலிருந்து பெற வேண்டுமானால் பதினைந்து கிலோ கீரை வேண்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டின் தாழ்வாரத்தில் எத்தனை தொட்டி வைத்தாலும் அது நடக்காது. ஜப்பானியர் காலத்தை, அதாவது 1942 முதல் 1945 வரையிலான ஆண்டுகளை, நினைவில் வைத்திருக்கும் குடும்பங்களில் மரவள்ளிக்கிழங்கைப் பற்றிய பேச்சு இன்றும் உண்டு. அரிசி கிடைக்காத அந்த நாள்களில் வீட்டு முற்றங்களும் திடல்களும் மரவள்ளிக்கும் சர்க்கரைவள்ளிக்கும் கொல்லையாயின. வயிற்றை நிரப்ப மாவுச்சத்து வேண்டும் என்பதால் கிழங்கு நட்டார்கள். அதற்குத் தரையும் இருந்தது. இன்று இங்கே வசிப்போரில் பத்தில் எட்டுப் பேர் அளவுக்கு அடுக்குமாடி வீவக வீடுகளில் இருக்கிறோம். நம் காலுக்குக் கீழே இருப்பது கீழ்வீட்டுக் கூரை.

நாட்டின் கணக்கும் வீட்டின் கணக்கும் இந்த இடத்தில்தான் பிரிகின்றன. ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை 2030க்குள் உள்ளூரிலேயே உற்பத்தி செய்வோம் என்று அரசாங்கம் 2019இல் இலக்கு வைத்தது. உரிமம் பெற்ற பண்ணைகளுக்கே அது எளிதாக இல்லை. 2023இல் நாம் உண்ட காய்கறியில் சுமார் 3 விழுக்காடுதான் இங்கே விளைந்தது. மின்சாரச் செலவும் இடச் செலவும் பல பண்ணைகளை நெருக்கின. 2025 நவம்பரில் அந்த இலக்கு மாற்றப்பட்டது. 2035க்குள் நார்ச்சத்து உணவில் 20 விழுக்காடு, புரதத்தில் 30 விழுக்காடு என்பதே இப்போதைய இலக்கு. இதைக் கேட்டு, பண்ணைகளாலேயே முடியாதது தொட்டியால் முடியுமா என்று சிலர் கைவிட்டுவிடுகிறார்கள். தொட்டியிடம் யாரும் அந்த வேலையைக் கேட்கவில்லை. பறித்த மறுநாளே வாடிப்போவதும், தினம் ஒரு கைப்பிடி மட்டும் வேண்டியிருப்பதும், ஒரு கட்டு வாங்கினால் பாதி குளிர்பெட்டியில் கறுத்துப்போவதும் எதுவோ, அதைத் தருவதே தொட்டியின் வேலை. நம் சமையலில் அந்தப் பட்டியல் நீளமானது: கறிவேப்பிலை, புதினா, வெந்தயக்கீரை, பொன்னாங்கண்ணி, வல்லாரை, பச்சை மிளகாய். கீரையிலுள்ள வைட்டமின் சி பறித்த நேரத்திலிருந்தே குறையத் தொடங்கும். பறித்துப் பத்து நிமிடத்தில் சட்டிக்குப் போகும் கீரையின் தரத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

இரண்டாவது, வெயில். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் தோல்விகளில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது.

நிலநடுக்கோட்டுக்கு ஒன்றேகால் பாகை வடக்கே இருக்கும் ஊரில் வெயிலுக்கு என்ன பஞ்சம் என்று தோன்றும். திறந்தவெளியில் பஞ்சம் இல்லைதான். ஆனால் தாழ்வாரத்துக்கு மேலே ஒரு கூரை இருக்கிறது. நண்பகலில் சூரியன் உச்சிக்கு வந்துவிடுவதால், செடிக்கு மிகுந்த பலம் தரும் வெயில் அந்தக் கூரையின்மேல் விழுந்து போய்விடுகிறது. தாழ்வாரத்துக்குள் வருவது சாய்ந்த வெயில் மட்டும். கிழக்குப் பார்த்த தாழ்வாரம் என்றால் காலையில் மூன்று, நான்கு மணி நேரம் கிடைக்கலாம். மேற்கு என்றால் பிற்பகலில் அதே அளவு, ஆனால் சூடு அதிகம். தொட்டி சீக்கிரம் காயும். வடக்கு, தெற்குப் பார்த்த வீடுகளின் கதை வேறு. மார்ச் பிற்பகுதியிலிருந்து செப்டம்பர் வரை சூரியன் வடக்கே சாய்ந்து செல்கிறது, மற்ற மாதங்களில் தெற்கே. ஆகவே வடக்குத் தாழ்வாரத்தில் ஜூனில் செழித்த கத்தரிச் செடி டிசம்பரில் பூக்காமல் நின்றால், உரத்தையோ விதையையோ சந்தேகிக்க வேண்டாம். அதற்கு நேர்வெயில் நின்றுபோய் இரண்டு மாதம் ஆகியிருக்கும். வடகிழக்குப் பருவமழையின் மேகமும் சேர்ந்துகொள்ளும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தாழ்வாரத்துக் கைப்பிடிச் சுவர் இடுப்பளவு உயரம். தரையில் வைத்த தொட்டி நாள் முழுவதும் அந்தச் சுவரின் நிழலிலேயே இருக்கும். நமக்கு வெளிச்சமாகத் தெரியும் இடம் செடிக்கு இருட்டாக இருக்கலாம். உறுதியான அடுக்கு ஒன்றைச் சுவருக்கு உள்பக்கம் வைத்துத் தொட்டியை ஓரடி, இரண்டடி உயர்த்தினாலே பல செடிகள் பிழைத்துக்கொள்ளும். சுவரின்மேலோ சன்னலுக்கு வெளியேயோ மட்டும் எக்காரணம் கொண்டும் வைக்காதீர்கள். பத்தாவது மாடியிலிருந்து விழும் மண்தொட்டி கீழே நடப்பவரின் உயிரைப் பறித்துவிடும்.

வெயிலின் மணிக்கணக்கு தெரிந்தால், என்ன நடுவது என்ற கேள்விக்கு அதுவே பதில் சொல்லிவிடும். ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ நேர்வெயில் கிடைத்தால் வெண்டை, கத்தரி, மிளகாய், கறிவேப்பிலை. நான்கு மணி நேரம் என்றால் தண்டுக்கீரை, கங்கோங், கொடிப்பசலை, புதினா. இரண்டு மணி நேரம்தான் என்றாலும் கவலை இல்லை; வல்லாரை, வெற்றிலைக்கொடி, கற்பூரவல்லி, பாண்டான் இலை எல்லாம் நிழலைப் பொறுத்துக்கொள்ளும். இரண்டு மணி நேர வெயிலில் தக்காளி நட்டு மூன்று மாதம் காத்திருப்பதுதான் மனத்தை உடைக்கும். தக்காளிக்கு இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. நம் இரவுகள் 25 பாகையை ஒட்டியே இருக்கின்றன. அந்தச் சூட்டில் பெரிய தக்காளி வகைகள் பூக்கும், ஆனால் பிஞ்சு பிடிப்பது அரிது. ஆசைப்படுபவர்கள் சிறு தக்காளி வகையைப் போடலாம். கொத்துமல்லியும் குளிர்ச்சியை விரும்பும் செடி. இங்கே தழைப்பதற்குள் பூத்துவிடும். நெருக்கமாக விதைத்து இளசாகவே கிள்ளிக்கொள்வதுதான் வழி.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது வெந்தயம். அஞ்சறைப்பெட்டியில் இருப்பதே விதை. ஒரு கைப்பிடியை இரவு ஊறவைத்து, அடியில் ஓட்டை போட்ட அகலமான டப்பாவில் மூன்று அங்குலம் மண் நிரப்பித் தூவி, மேலே மெல்லியதாக மண் மூடுங்கள். இரண்டு மூன்று நாளில் முளைத்துவிடும். இரண்டு வாரத்தில் அறுக்கலாம். அடுத்தது, சந்தையில் வாங்கும் புதினாவிலும் கங்கோங்கிலும் நல்ல தண்டுகளாக நான்கைந்தை எடுத்துத் தண்ணீரில் நிற்க வைப்பது. ஒரு வாரத்துக்குள் வேர் விடும், பிறகு மண்ணுக்கு மாற்றலாம். தினமும் அந்தத் தண்ணீரை மாற்ற மறக்காதீர்கள்.

கறிவேப்பிலைக்குப் பொறுமை வேண்டும். சமையலுக்கு வாங்கும் கொத்தை நட்டால் வேர் பிடிப்பது அபூர்வம். விதையும் பழம் பழுத்த சில வாரங்களுக்குள் முளைப்புத் திறனை இழந்துவிடும், ஆகவே காய்ந்த விதை பயன்படாது. வளர்ந்த மரத்தின் வேரிலிருந்து கிளம்பும் பக்கக்கன்றோ, நாற்றங்காலில் வாங்கிய கன்றோதான் நம்பகமானது. ஊரிலிருந்து பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவர நினைக்காதீர்கள். தாவர நலச் சான்றிதழும் அனுமதியும் இல்லாமல் செடி கொண்டுவருவது சட்டவிரோதம். அதன் வேர்மண்ணில் என்ன நோய் ஒட்டிக்கொண்டு வரும் என்று நமக்குத் தெரியாது. கன்று முழங்கால் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக்கிளை வெடிக்கும். முதல் ஆண்டில் இலைக்காக அதை மொட்டையடிக்காதீர்கள். கறுப்புப் பட்டாம்பூச்சி ஒன்று வந்து முட்டையிட்டுப் போகும். பறவை எச்சம் போலத் தெரியும் அதன் புழுக்கள் ஒரே வாரத்தில் செடியை வெறும் குச்சியாக்கிவிடும். தினமும் இலையைத் திருப்பிப் பார்த்துக் கையால் எடுத்துப் போடுவதே போதும்.

உரத்தைப் பற்றி வீட்டுக்கு வீடு ஒரு மருத்துவம் இருக்கிறது. முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுகிறார்கள். அது மட்குவதற்குப் பல மாதங்கள் ஆகும். பசித்திருக்கும் செடிக்கு உடனே உதவாது. அரிசி கழுவிய தண்ணீரை அன்றே ஊற்றினால் கெடுதல் இல்லை, ஆனால் சேர்த்துவைத்துப் புளித்துப்போனால் நாற்றமும் சிறு ஈக்களும் வரும். தொட்டியில் இருப்பது கொஞ்சம் மண்தான். தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் சத்து அடியில் வழிந்து போகிறது. ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் ஒரு பிடி மட்கிய எரு சேர்ப்பது இந்த வைத்தியங்களைவிட மேல். மண்ணோடு தென்னைநார்த் தூளும் எருவும் கலந்தால் எடையும் குறையும். ஈரமண் நிறைந்த இருபது லிட்டர் தொட்டி இருபது கிலோவுக்கும் மேல் இருக்கும், அதைத் தூக்கிப்போவது வயதானவர்களுக்கு ஆகாத காரியம்.

இனிச் சொல்வதில் தளர்வுக்கு இடமே இல்லை. ஏடிஸ் கொசு இருபது காசு நாணய அளவு தண்ணீரில் முட்டையிடும். முட்டையிலிருந்து கொசுவாக ஏழு நாள் போதும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டும், இறுகிப்போய்த் தண்ணீரை உறிஞ்சாத மேல்மண்ணும் அதற்குப் பிடித்த இடங்கள். 2020இல் இந்தத் தீவில் 35,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கிக் காய்ச்சல் வந்தது. தட்டு இல்லாமல் வைக்க முடிந்தால் அதுவே நல்லது. முடியாவிட்டால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீரைக் கொட்டித் தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள், ஏனெனில் காய்ந்த தட்டிலும் முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மேல்மண்ணை வாரம் ஒருமுறை கிளறிவிடுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் ஊருக்குப் போனால் செடிகளை நம்பிக்கையான ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.

தாழ்வாரம் நம் வீட்டுக்கு முன்னால் இருந்தாலும் நமக்குச் சொந்தமானதல்ல. தீ விபத்தில் ஆள்கள் ஓடவும் தூக்குப்படுக்கை வரவும் 1.2 மீட்டர் அகலம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும் என்பது விதி. அக்கம்பக்கத்தார் முணுமுணுத்தால் முதலில் அளவுநாடாவை எடுத்துப் பாருங்கள். நம் பக்கம் தவறு இல்லையென்றாலும், ஒரு கட்டு கீரையோடு போய்ப் பேசினால் பேச்சு எளிதாகும்.

தாழ்வாரமே வெயிலில்லாமல் இருந்தால்? தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய கம்யூனிட்டி இன் புளூம் திட்டத்தின்கீழ் இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்கள் இருக்கின்றன. உங்கள் வட்டாரத் தோட்டத்தில் சேர நிலம் வேண்டியதில்லை, நேரம்தான் வேண்டும். தனியாகவே வளர்க்க விரும்புபவர்களுக்குப் பூங்காக்களில் இரண்டரை மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் கொண்ட பாத்திகள் வாடகைக்குக் கிடைக்கும். விண்ணப்பித்துக் குலுக்கலில் பெயர் வர வேண்டும். கூரையில்லாத அந்த இரண்டரைச் சதுர மீட்டர், நிழலடித்த தாழ்வாரத்தில் வைக்கும் இருபது தொட்டிகளைவிட அதிகம் தரும் என்பது என் முடிவு. 2020 ஜூனில், கொவிட் முடக்கம் தளரத் தொடங்கிய நேரத்தில், இதே கழகம் வீட்டில் காய்கறி வளர்க்கும் திட்டத்தைத் தொடங்கி, கேட்ட வீடுகளுக்கு விதைப் பொட்டலங்களை இலவசமாக அஞ்சலில் அனுப்பியது. அந்தப் பொட்டலம் இன்னும் பிரிக்காமல் இழுப்பறையில் இருந்தால், விதைகளுக்கு வயதாகிவிட்டது. ஈரத்துணியில் பத்து விதைகளைச் சுற்றிவைத்து, எத்தனை முளைக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வரும் சனியோ ஞாயிறோ, காலை ஏழு மணியிலிருந்து மணிக்கு ஒருமுறை தாழ்வாரத்துக்கு வந்து, நேர்வெயில் எந்த இடத்தில் விழுகிறது, எப்போது போகிறது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். தொட்டி, மண், விதை எதையும் அதுவரை வாங்க வேண்டாம்.