காய்ச்சல் மேல் பழி போடாதீர்கள்

"காய்ச்சல் கண்டு இறந்தார்." கேப்டன் கல்யாண் குமார் முகர்ஜியின் கதையை இந்த மூன்று சொல்லில் முடித்துவிடுகிறார்கள். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. காய்ச்சல் வந்தது உண்மைதான். அந்தக் காய்ச்சலின் வாயில் அவரைக் கொண்டுபோய்த் தள்ளியவர்கள் யார்?

கல்கத்தாப் பிள்ளை. 1882-இல் பிறந்தவர். இங்கிலாந்து வரை போய்ப் படித்துவிட்டு இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். காங்கிரஸின் முதல் தலைவர் டபிள்யூ.சி. பானர்ஜியின் சகோதரி மோக்ஷதா தேவிக்குப் பேரன். முதல் உலகப் போரின்போது, 1915-இல் அவரை மெசபடோமியாவுக்கு, இன்றைய ஈராக்குக்கு அனுப்பினார்கள். எண்ணெயைக் காக்க என்று சொல்லிப் பஸ்ராவில் இறங்கிய பிரிட்டிஷ் படைக்கு, போகப்போக பாக்தாத் மேல் ஆசை வந்துவிட்டது. ஆசை தளபதிகளுக்கு, நடந்தது நம் பிள்ளைகள்.

அந்த நவம்பரில் டெசிபோனில் சண்டை. நாலாயிரம் பேருக்கு மேல் செத்தும் காயம்பட்டும் விழுந்தார்கள். போதுமான ஆம்புலன்ஸ் கிடையாது, ஆஸ்பத்திரிப் படகு கிடையாது. கால் முறிந்தவனை, வயிறு கிழிந்தவனை, ஸ்பிரிங் இல்லாத கோவேறு கழுதை வண்டியில் போட்டு மேடு பள்ளத்தில் குலுக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்கு இழுத்தார்கள். அங்கிருந்து 'மெஜிதியா' என்ற கப்பலில் நூற்றுக்கணக்கானவர்களை அடைத்துப் பஸ்ராவுக்கு அனுப்பினார்கள். பஸ்ராவில் இருந்த மேஜர் கார்ட்டர் என்ற மருத்துவர், கப்பலின் பக்கவாட்டில் கயிறுகள் தொங்குவதாக முதலில் நினைத்தார். கிட்டே வந்ததும்தான் தெரிந்தது, அது காய்ந்து தொங்கிய மலம். வயிற்றுப்போக்கு கண்டவன் நகர்ந்து ஓரம்போகக்கூட இடமில்லாமல் படுத்த இடத்திலேயே கிடந்திருக்கிறான். தொடை எலும்பு முறிந்த ஒருவனுக்கு விஸ்கிப் பெட்டிப் பலகையை வைத்துக் கட்டியிருந்தார்கள். இவ்வளவையும் எழுதிக் கொடுத்த கார்ட்டரைத்தான் கைது செய்துவிடுவோம் என்று மேலதிகாரிகள் மிரட்டினார்கள்.

கல்யாண் அந்தப் படையோடு பின்வாங்கிக் கூத் நகரத்தில் மாட்டிக்கொண்டார். துருக்கியரின் 147 நாள் முற்றுகை. காய்கறியே கண்ணில் படாமல் நம் சிப்பாய்களுக்கு ஸ்கர்வி வந்தது. ஈறு வீங்கி ரத்தம் கசியும், பழைய தழும்பு பிளக்கும், நிற்க முடியாமல் கால் மடங்கும். குதிரைகளை வெட்டினார்கள், நம்மவர்கள் பலர் சாதி போய்விடும், ஊரில் சேர்க்க மாட்டார்கள் என்று பயந்து அந்தக் கறியைத் தொடவில்லை. தரையில் முளைத்த களையைப் பறித்துக் கீரையாக வேகவைத்துத் தின்றார்கள். சோறில்லாமல் வந்த நோய்க்கு மருந்தில்லாத மருத்துவர் என்ன செய்வார்? அந்த மனிதரின் நெஞ்சு எப்படித் துடித்திருக்கும்! அம்மாவுக்கு எழுதிய கடிதங்களில், இங்கிலாந்து நமக்குச் சொல்லிக்கொடுத்த தேசபக்திதான் இத்தனை ரத்தத்துக்கும் காரணம் என்று எழுதும் அளவுக்கு அவர் மனம் மாறியிருந்தது.

1916 ஏப்ரல் 29 அன்று சரணடைந்தார்கள். ஏறக்குறைய 13,000 பேர் கைதிகள், பெரும்பாலும் இந்தியர்கள். அந்தப் படையின் தளபதி டவுன்ஷெண்ட் இஸ்தான்புல் அருகே ஒரு தீவில் சௌகரியமாக வைக்கப்பட்டார். கைதியாக இருக்கும்போதே அவருக்கு 'சர்' பட்டமும் வந்தது. அவருடைய நாயைப் பத்திரமாகப் பஸ்ராவுக்கு அனுப்பிவைக்க எதிரியிடம் அனுமதி வாங்கினார்கள். அதே நாட்களில் சிப்பாய்கள் பாலைவனத்தில் நடத்தப்பட்டார்கள். விழுந்தவன் விழுந்த இடத்தில் கிடந்தான். மிஞ்சியவர்களில் பலரை, இன்று சிரியாவில் இருக்கும் ராஸ் அல் அய்னில், துருக்கியர் ரயில் பாதை போடும் வேலைக்கு விட்டார்கள். கல்யாணும் அங்கே போய்ச் சேர்ந்தார். கைதியாக இருந்துகொண்டே கைதிகளுக்கு வைத்தியம் பார்த்தார். 1917 மார்ச் 18, அவரையும் காய்ச்சல் கொண்டுபோயிற்று. வயது 34.

அதே ஆண்டு நவம்பரில், பாக்தாத்தைப் பிடித்த ஜெனரல் மோட் காலராவில் இறந்தார். அவருக்குப் பாக்தாத்தில் கல்லறை மண்டபமே கட்டினார்கள். காலராவுக்கு ஜெனரலும் சிப்பாயும் ஒன்றுதான். கல்லறை கட்டினவர்களுக்கு ஒன்றாக இல்லை.

பிரிட்டிஷ் விசாரணைக் கமிஷன் 1917-இல் எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்தது. இந்தியாவுக்கான மந்திரி ஆஸ்டின் சேம்பர்லின் பதவி விலகினார்; பின்னாளில் வெளியுறவு மந்திரியாகி நோபல் அமைதிப் பரிசும் வாங்கினார். கமிஷன் குறை சொன்ன வைஸ்ராய் ஹார்டிங் பாரிஸுக்குத் தூதராகப் போனார். மெசபடோமியாவில் நோயால் மட்டும் 12,000 பேருக்கு மேல் செத்ததற்கு ஒருவராவது சிறைக்குப் போனாரா?

பஸ்ராவில் 1929-இல் நினைவுச்சின்னம் திறந்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாயின் பெயரைக் கல்லில் வெட்டினார்கள். இந்தியன் அதிகாரியாக இருந்தால் பெயர் உண்டு. சாதாரணச் சிப்பாய் என்றால், இந்த ரெஜிமெண்டில் இன்னும் இத்தனை இந்தியர்கள் என்று வெறும் எண்ணிக்கை. பிள்ளையைப் பெற்று அனுப்பியவள் ஒரு எண்ணைப் பெற்றா அனுப்பினாள்? 2021-இல் பிரிட்டன் இந்தப் பாகுபாட்டுக்கு மன்னிப்புக் கேட்டது. அதைக் காதால் கேட்கவேண்டிய தாய்மார்கள் எல்லாரும் அதற்குள் மண்ணோடு மண்ணாகிவிட்டார்கள்.

கல்யாணை நாம் இன்று அறிவதற்குக் காரணம் சர்க்கார் இல்லை, அவருடைய பாட்டி. எண்பது வயதில் மோக்ஷதா தேவி பேரனின் கடிதங்களை எடுத்துவைத்துக்கொண்டு 'கல்யாண் பிரதீப்' என்ற 400 பக்கத்துக்கு மேற்பட்ட புத்தகத்தை எழுதி 1928-இல் கொண்டுவந்தார். பேரனுக்கு எழுத்தறிவித்த குடும்பம், எழுதத் தெரிந்த பாட்டி. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளின் பேரன்கள் என்ன ஆனார்கள்? மதராஸ் மாகாணத்திலிருந்து மட்டும் 90,000 பேருக்கு மேல் அந்தப் போருக்குச் சேர்க்கப்பட்டார்கள். நம் கிராமங்கள் சிலவற்றில் கல்வெட்டு இன்றும் இருக்கிறது: இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள். அதிலும் பெயர் இல்லை. கொடுத்தார்களாம்! யார் கொடுத்தது? பிடுங்கிக்கொண்டீர்கள். படகுக்கும் மருந்துக்கும் காய்கறிக்கும் ஆகிற காசை மிச்சம் பிடித்துப் பிடுங்கிக்கொண்டீர்கள். மன்னிப்பு வார்த்தையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ரெஜிமெண்ட் பதிவேடுகளைத் திறந்து, அந்த எண்ணிக்கைக்குள் கிடக்கும் ஒவ்வொருவனின் பெயரையும், அப்பன் பெயரோடு, ஊர்ப் பெயரோடு எங்களுக்குத் திருப்பிக் கொடுங்கள்.