நெஞ்சைத் திறப்பதா, ஸ்டென்ட் வைப்பதா?



இந்த வாரம் வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நிபோங் திபால் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய தகப்பனார் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர். வயது 58. இனிப்புநீர் கண்டு 14 வருடங்கள் ஆகின்றன. போன தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் படிகளை நிற்காமல் ஏறியவர், இந்த வருடம் பாதியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாராம். நெஞ்சுவலி என்று ஒன்றுமே இல்லை. பினாங்கு பெரிய ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்தால் மூன்று இரத்தக் குழாய்களிலும் அடைப்பு. டாக்டர் பைபாஸ் என்கிறார். அப்பாவோ, "பக்கத்து வீட்டுக்காரருக்குக் கையில் ஊசி போட்டு ஸ்டென்ட் வைத்தார்கள், மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தார். என்னை மட்டும் ஏன் கோழியைப் போல் பிளக்க வேண்டும்?" என்று பிடிவாதமாக இருக்கிறார். அண்ணன் அப்பா பக்கம். அம்மா அழுதுகொண்டிருக்கிறார். "யார் பேச்சைக் கேட்பது?" என்பதுதான் கேள்வி.

சகோதரி, உங்கள் வீட்டில் நடப்பது ஒரு வீட்டுக் கதை அல்ல. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்த இந்தியர்களில் 100-க்கு 31 பேருக்கு இனிப்புநீர் இருந்தது. வேறு எந்த இனத்தாரிடமும் இவ்வளவு இல்லை. ஆகவே இன்று உங்கள் வீட்டில் வந்த வாக்குவாதம் நாளைக்கு இந்தப் பக்கத்தைப் படிக்கும் இன்னொரு வீட்டிலும் வரும். கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

முதலில் நெஞ்சுவலி இல்லாத விஷயம். இனிப்புநீர் பல வருடங்கள் உடம்பில் இருந்தால் நரம்புகள் மரத்துப் போகும். காலில் முள் குத்தினாலும் தெரியாமல் போகிறதல்லவா, அதே கதைதான் இருதயத்திலும். வலி என்ற காவல்காரன் தூங்கிவிடுவான். மூச்சு வாங்குவது, காரணமில்லாமல் வியர்ப்பது, ஓயாத அசதி, இவைதான் சில பேருக்கு வரும் ஒரே எச்சரிக்கை. பெண்களில் சிலருக்கும் இப்படித்தான். "வலிக்கவில்லை, அதனால் பெரிதாக ஒன்றுமில்லை" என்று உங்கள் தகப்பனார் நினைத்தால் அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

இனி இரண்டு வைத்தியங்களும் என்ன செய்கின்றன என்று பார்ப்போம். இருதயத்தின் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் முக்கியப் பாதைகள் மூன்று. ஸ்டென்ட் என்பது, அடைத்த இடத்தில் பலூனை ஊதி வழியை விரித்து, அங்கே ஒரு மெல்லிய கம்பிவலையை நிறுத்தி வைப்பது. நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை. கை மணிக்கட்டு வழியாகவோ தொடை வழியாகவோ போய் முடித்துவிடுவார்கள். பைபாஸ் என்பது அடைப்பைத் தொடாமல், அதைத் தாண்டி ஒரு புதுப் பாதை போடுவது. அதற்கு நெஞ்சுக் கூட்டின் உட்பக்கத்தில் ஓடும் ஓர் இரத்தக் குழாயையும், காலிலிருந்து எடுத்த குழாய்களையும் பயன்படுத்துவார்கள்.

பழைய டிரங்க் ரோட்டை நினைத்துப் பாருங்கள். ஓர் இடத்தில் மட்டும் பெரிய குழி என்றால் அதை மூடினால் போதும், வண்டி ஓடும். ரோடு மைல் கணக்கில் அங்கங்கே பெயர்ந்து கிடந்தால்? இன்று ஒரு குழியை மூடுவீர்கள். அடுத்த மழைக்கு அதற்கு அப்பால் இன்னொன்று விழும். இனிப்புநீர்க்காரர்களின் இரத்தக் குழாய்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. அடைப்பு ஒரே இடத்தில் நிற்காது. குழாயின் நீளத்துக்கும் படிந்திருக்கும், குழாயும் ஒடுங்கியிருக்கும். ஸ்டென்ட் அது நிற்கும் இடத்தை மட்டுமே காக்கிறது. பைபாஸ் பாதையோ பழுதான பகுதி முழுவதையும் தாண்டிப் போய்ச் சேருவதால், பழைய பாதையில் நாளைக்குப் புதிதாக ஓர் அடைப்பு விழுந்தாலும் தசைக்கு இரத்தம் போய்க்கொண்டிருக்கும். அதிலும் நெஞ்சுக்குள்ளிருந்து எடுக்கும் அந்தக் குழாய் பத்து வருடங்களுக்குப் பிறகும் பெரும்பாலோருக்குத் திறந்தே இருக்கிறது. காலிலிருந்து எடுப்பவை அவ்வளவு நாள் தாங்குவதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இவை புதிய வைத்தியங்கள் அல்ல. 1967-இல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில் ரெனே பவலோரோ என்ற அர்ஜெண்டினா டாக்டர் காலிலிருந்து எடுத்த குழாயைக் கொண்டு பைபாஸ் செய்து காட்டிய பிறகு அது உலகெங்கும் பரவியது. 1975-இல் சென்னை பெரம்பூரில், டாக்டர் கே. எம். செரியன் இந்தியாவின் முதல் வெற்றிகரமான பைபாஸைச் செய்தார். அது பணக்காரர்களின் மாளிகை ஆஸ்பத்திரி அல்ல, ரயில்வே ஊழியர்களுக்கான ஆஸ்பத்திரி என்பதை நம் தோட்டத்து மக்கள் மனத்தில் வைத்துக்கொள்ளலாம். பலூன் வைத்தியம் 1977-இல் சூரிக் நகரில் டாக்டர் குருன்ட்சிக் தொடங்கியது. ஸ்டென்ட் 1986-இல் வந்தது.

பலூன் வந்ததும் எல்லாரும் அதையே விரும்பினார்கள். யாருக்குத்தான் கத்தியின் மேல் ஆசை? ஆனால் 1995-இல் அமெரிக்காவிலிருந்து ஒரு செய்தி வந்தது. பலூனையும் பைபாஸையும் ஒப்பிட்ட ஒரு பெரிய ஆய்வில், மருந்து சாப்பிட்டுவந்த இனிப்புநீர்க்காரர்கள் மட்டும் தனியாகத் தெரிந்தார்கள். ஐந்து வருடங்களுக்குப் பிறகு பைபாஸ் செய்துகொண்டவர்களில் 100-க்கு ஏறக்குறைய 81 பேர் உயிரோடு இருந்தார்கள். பலூன் வைத்துக்கொண்டவர்களில் 65 பேர்தான். மற்றவர்களிடம் இப்படிப்பட்ட வித்தியாசம் இல்லை.

"அது வெறும் பலூன். இப்போதுதான் மருந்து பூசிய ஸ்டென்ட் வந்துவிட்டதே" என்று உங்கள் அண்ணன் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்காகவே இன்னொரு ஆய்வு நடந்தது. அதன் பெயர் ஃப்ரீடம். இனிப்புநீரும் ஒன்றுக்கு மேற்பட்ட குழாய்களில் அடைப்பும் உள்ள 1,900 பேரை, பல நாடுகளில் உள்ள ஆஸ்பத்திரிகளிலிருந்து சேர்த்தார்கள். இரண்டு வைத்தியத்துக்கும் ஏற்றவர்கள் என்று டாக்டர்கள் கருதியவர்களை மட்டுமே எடுத்து, சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் பாதிப் பேருக்கு மருந்து பூசிய ஸ்டென்ட், பாதிப் பேருக்கு பைபாஸ் என்று பிரித்தார்கள். முடிவு 2012-இல் வெளிவந்தது. ஐந்து வருடங்களில் இறந்துபோனவர்கள் ஸ்டென்ட் பக்கத்தில் 100-க்கு 16 பேர், பைபாஸ் பக்கத்தில் 11 பேர். மாரடைப்பு கண்டவர்கள் அந்தப் பக்கம் 14, இந்தப் பக்கம் 6. பக்கவாதம் மட்டும் தலைகீழ்: ஸ்டென்ட் பக்கம் 2, பைபாஸ் பக்கம் 5. இதை மறைக்கக் கூடாது. பைபாஸில் அந்த ஆபத்து அதிகம், அதுவும் ஆபரேஷனை ஒட்டிய நாட்களிலேயே அதிகம்.

இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. முதல் இரண்டு வருடங்களில் இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் கோடுகள் பிரிந்தன. நம் லயங்களில் தீர்ப்பு எப்போது எழுதப்படுகிறது என்று யோசியுங்கள். முதல் மாதத்திலேயே! ஸ்டென்ட் வைத்தவர் கடைத்தெருவில் நடமாடுகிறார். பைபாஸ் செய்தவர் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமப் பயந்து உட்கார்ந்திருக்கிறார். பார்க்கிறவர்கள், "அவன் கெட்டிக்காரன், இவன் ஏமாந்தான்" என்கிறார்கள். நான்காவது, ஐந்தாவது வருடத்தில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று எந்தக் கடைத்தெருவும் கணக்கு வைப்பதில்லை. உங்கள் தகப்பனார் பார்ப்பது பக்கத்து வீட்டுக்காரரின் மூன்றாம் நாளை. டாக்டர் பார்ப்பது உங்கள் தகப்பனாரின் 63-ஆம் வயதை. மேலும், அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு குழாயில் அடைப்பு இருந்திருக்கலாம், இனிப்புநீரே இல்லாமலும் இருந்திருக்கலாம். விசாரித்துப் பாருங்கள்.

இன்றைய ஸ்டென்ட்கள் அந்த ஆய்வில் வைத்தவற்றைவிட நல்லவை. அப்படியிருந்தும், இனிப்புநீரோடு பல குழாய்களிலும் அடைப்பு இருந்து, ஆபரேஷனைத் தாங்கும் உடம்பும் இருந்தால், பைபாஸையே முதலில் சொல்லுங்கள் என்றுதான் டாக்டர்களுக்கான வழிகாட்டு நூல்கள் கூறுகின்றன.

எல்லாருக்கும் அதுதானா என்றால், இல்லை. ஒரு குழாயில் ஓர் அடைப்பு என்றால் பெரும்பாலும் ஸ்டென்ட் போதும். நுரையீரல் கெட்டுப் போனவர், மிகவும் தளர்ந்த முதியவர், முன்பே பக்கவாதம் கண்டவர், இவர்களுக்கு நெஞ்சைத் திறப்பதே ஆபத்தாகலாம். இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். மாரடைப்பு வந்து துடிக்கும் நேரத்தில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. அப்போது அடைத்த குழாயை உடனே திறப்பதுதான் உயிர். "பத்திரிகையில் பைபாஸ்தான் நல்லது என்று போட்டிருந்தார்கள்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட மறுத்துவிடாதீர்கள்!

சகோதரி, அப்பாவிடம் "செத்துப் போய்விடுவீர்கள்" என்று பயமுறுத்த வேண்டாம். பயந்த மனிதர் இன்னும் இறுகிப் போவார். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அண்ணனையும் கூட்டிச் செல்லுங்கள். இருதய டாக்டரும் ஆபரேஷன் செய்யும் டாக்டரும் சேர்ந்து பேசித்தான் முடிவெடுத்தார்களா என்று மரியாதையோடு கேளுங்கள். இருதயம் எவ்வளவு பலமாகச் சுருங்கி விரிகிறது, சிறுநீரகம் எப்படி இருக்கிறது, நெஞ்சுக்குள் இருக்கும் அந்தக் குழாயைப் பயன்படுத்துவார்களா என்றும் கேளுங்கள். ஆஞ்சியோகிராம் படத்தை அப்பாவுக்கே காட்டச் சொல்லுங்கள். ரோடு எங்கெங்கே பெயர்ந்திருக்கிறது என்று தம் கண்ணால் பார்த்த பிறகு மனம் மாறியவர்கள் உண்டு.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுவும் மனத்தில் இருக்கும். தனியார் ஆஸ்பத்திரியில் பைபாஸ் என்றால் பல பத்தாயிரம் ரிங்கிட். பினாங்கு பெரிய ஆஸ்பத்திரி அரசாங்க ஆஸ்பத்திரி. அங்கேயே இருதய ஆபரேஷன் பகுதி உண்டு. காத்திருக்க வேண்டி வரலாம். எவ்வளவு நாள், காத்திருக்கும்போது என்ன அறிகுறி வந்தால் உடனே ஓடிவர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணமோ சாதனச் செலவோ கட்ட முடியாவிட்டால் ஆஸ்பத்திரியிலேயே உள்ள சமூகநல அதிகாரியைப் பாருங்கள். கடுமையான நோய்க்காக ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுக்க வழி இருக்கிறது. வேலைக்குத் திரும்ப முடியாத நிலை வந்தால் சொக்சோவின் இயலாமை ஓய்வூதியத்துக்குத் தகுதி உண்டா என்றும் கேட்டுப் பாருங்கள். வட்டிக்காரனிடம் மட்டும் போகாதீர்கள்.

ஆபரேஷனுக்கு முன் சர்க்கரையை இறக்க வேண்டும். சிகரெட் இன்றோடு நிற்க வேண்டும். இனிப்புநீர்க்காரர்களுக்கு நெஞ்சுப் புண்ணும் கால் புண்ணும் ஆறத் தாமதமாகும், சீழ் பிடிக்கவும் கூடும் என்பதால் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நெஞ்செலும்பு கூட ஆறு முதல் எட்டு வாரங்கள் பிடிக்கும். அதுவரை மோட்டார் சைக்கிள் வேண்டாம், தண்ணீர் வாளி வேண்டாம், பேரப்பிள்ளையைத் தூக்குவதும் வேண்டாம். நீண்ட கம்பில் அரிவாளைக் கட்டிக் குலை வெட்டும் வேலைக்கு மறுபடி போகலாமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். இலகுவான வேலை கேட்டு நிர்வாகத்திடம் கொடுக்க ஒரு கடிதம் வாங்கி வையுங்கள்.

எந்த வைத்தியம் செய்தாலும் மாத்திரைகள் நிற்காது. ஸ்டென்ட் வைத்தவர்கள் இரத்தம் உறையாமல் தடுக்கும் இரண்டு மாத்திரைகளையும் டாக்டர் சொல்லும் காலம் வரை, பெரும்பாலும் ஒரு வருடம் வரை, சாப்பிட வேண்டும். பல் பிடுங்கப் போகிறேன், நாட்டு மருந்து எடுக்கிறேன் என்று தாமாகவே நிறுத்தினால் வலைக்குள் இரத்தம் உறைந்து திடீரென்று அடைத்துக்கொள்ளும். உங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடமும் இதைச் சொல்லிவையுங்கள். அந்தத் தே தாரிக்கில் இருக்கும் கட்டிப் பாலைப் பற்றியும் சேர்த்தே சொல்லுங்கள்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து மறுபடி எழுதுங்கள். அடுத்த இதழில், இனிப்புநீர்க்காரர்களின் கால் புண்ணைப் பற்றிக் கேட்டிருக்கும் சுங்கை பட்டாணி, கூலிம் வாசகர்களுக்குப் பதில் எழுதுகிறேன்.