சூரியனுக்குக் கோபமா?

சூரியனுக்கு ஏழு குதிரை பூட்டிய தேரும், கால் இல்லாத ஒரு சாரதியும் உண்டென்று நம் மக்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். குதிரையைக் கண்டவர் யார் என்று கேட்டால், கேட்டவனுக்கு நாஸ்திகன் என்ற பட்டம் கிடைக்குமே தவிர பதில் கிடைக்காது. ஆனால் சூரியனில் மெய்யாகவே நடக்கும் ஒரு சங்கதியைக் கண்டவர்கள் உண்டு.

1859ம் வருஷம் செப்டம்பர் 1ந் தேதி இங்கிலாந்தில் ரிச்சர்ட் காரிங்டன், ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் என்ற இருவர், தனித்தனி இடத்திலிருந்து, சூரியப் புள்ளிகளின் நடுவே கண்ணைப் பறிக்கும் ஒளியொன்று கிளம்பிச் சில நிமிஷத்தில் அடங்கினதைக் கண்டார்கள். ஒரு நாள் கழிவதற்குள் பூமியின் காந்தம் நிலைகுலைந்து, தந்திக் கம்பிகள் தாறுமாறாயின. பம்பாய் கொலாபாவிலிருந்த காந்தக் கருவியிலும் அது பதிவாயிற்று.

இது யார் மீது சூரியனுக்கு வந்த கோபம்? ஒருவர் மீதும் அல்ல. சூரியனில் உள்ள வாயு கடுஞ்சூட்டினால் மின்னேறிக் கிடக்கிறது. இதற்குப் பிளாஸ்மா என்று பெயர். காந்தத்தின் மேல் காகிதம் வைத்து இரும்புத்தூளைத் தூவினால் கோடுகள் தெரிகின்றனவல்லவா? அப்படிப்பட்ட காந்தக் கோடுகள் பிளாஸ்மாவின் ஓட்டத்தோடு இழுபட்டு முறுக்கேறுகின்றன. எதிரெதிர்த் திசையிலுள்ள கோடுகள் நெருங்கும்போது அவை அறுந்து வேறு விதமாய் இணைகின்றன. இழுத்த ரப்பர் வார் சுண்டுவதுபோல, அடங்கியிருந்த சக்தி வெப்பமாகவும் வேகமாகவும் வெளிப்படுகிறது. பிளாஸ்மா ஒரு கோடி டிகிரிக்கு மேலும் சூடேறுகிறது. சில சமயம் பெருந்திரளாகப் பிய்த்துக்கொண்டு பறக்கிறது. அது பூமியின் பக்கம் வந்தால் நமக்குத் தொல்லை. 1989ம் வருஷம் மார்ச் 13ந் தேதி கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சுமார் 60 லட்சம் பேர் இதனால் ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றி இருந்தார்கள்.

விஞ்ஞானி சொல்லிவிட்டான் என்பதற்காக இதை நம்புங்கள் என்று நாம் சொல்லவில்லை. அப்படி நம்பினால் அதுவும் ஒரு புராணமேயாகும். இந்த இணைப்புக்கு 1950க்குப் பின் கணக்குப் போட்ட ஸ்வீட், பார்க்கர் என்பவர்களின் கணக்குப்படி பார்த்தால், சீற்றம் முடிய மாதக் கணக்கில் ஆக வேண்டும். நடப்பதோ நிமிஷக் கணக்கில்! பண்டிதர்களாயிருந்தால் என்ன செய்திருப்பார்கள்? "தேவர்களின் நிமிஷம் வேறு" என்று வியாக்கியானம் எழுதியிருப்பார்கள். இவர்களோ கணக்குப் போதாது என்பதை ஒப்புக்கொண்டார்கள். 1964ல் பெட்செக் என்பவர் வேகமான வேறு வழியைக் காட்டினார். அதிலும் குறை கண்டார்கள். 2015ல் ஏவிய நான்கு விண்கலங்கள், பூமியின் காந்த எல்லையில் இதே இணைப்பு நடக்குமிடத்திற்கே சென்று அளந்தன. சீற்றம் இன்ன நிமிஷத்தில் வருமென்று முன்கூட்டிச் சொல்ல இன்னும் முடியவில்லை என்பதையும் அவர்களே சொல்லுகிறார்கள்.

நம் கோடைக்கானல் மலையிலும் நூறு வருஷத்திற்கு மேலாகச் சூரியனைப் படம் பிடித்து வருகிறார்கள். அங்கே குதிரை ஒன்றும் அகப்படவில்லை. தெரியாததைத் தெரியாதென்று சொல்லும் யோக்கியதை எந்த ஜோசியனுக்காவது உண்டா என்று கேட்கிறோம். அந்த யோக்கியதை உள்ள இடத்தில்தான் அறிவு வளரும்.