சைக்கிள் டைனமோவும் காற்றாலையும்

அரசாங்க குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு மின்சார யந்திரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனாலும் படித்ததில் ஓர் அபிப்பிராயம் உண்டாகிவிட்டது; சொல்லிவிடுகிறேன்.

காற்றாலை ஜெனரேட்டரை ஒழுங்காக இயக்க, அதன் சுழலி எந்தக் கோணத்தில் இருக்கிறது, என்ன வேகத்தில் சுற்றுகிறது என்று கட்டுப்பாட்டுக் கருவிக்கு நொடிக்கு நொடி தெரிய வேண்டும். இதற்காகத் தண்டில் ஒரு சென்சார் பொருத்துவார்கள். தூசி, எண்ணெய், அதிர்வு, அறுந்த ஒயர் என்று ஏதாவது ஒன்று அதைக் கெடுத்துவிடும். மாற்றுவதற்குக் கோபுர உச்சிக்கு ஆள் ஏற வேண்டும்.

அதனால் சென்சார் இல்லாமலே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும் முறை வந்தது. பிரெஞ்சில் இதை 'சான் காப்தேர்' என்பார்கள். 'சான்' என்றால் 'இல்லாமல்'.

தத்துவம் நமக்குத் தெரிந்ததுதான். பழைய சைக்கிள் டைனமோவை நினைத்துப் பாருங்கள். வேகமாக மிதித்தால் விளக்கு பளிச்சென்று எரியும், மெதுவாக மிதித்தால் மங்கும். விளக்கைப் பார்த்தே வேகத்தைச் சொல்லிவிடலாம். ஜெனரேட்டரிலும் அப்படியே. வெளிவரும் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அளந்தால் போதும். நிலைக்காந்த ஜெனரேட்டரில் 2 ஜோடி துருவங்கள் இருந்து, அலைவெண் 50 ஹெர்ட்ஸ் என்றால், வேகம் நிமிடத்துக்கு 1,500 சுற்று. அலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது கோணத்தைச் சொல்லிவிடும்.

சைக்கிள் நின்றால் விளக்கு அணைந்துவிடும் அல்லவா? இந்தக் கணக்கும் மிகக் குறைந்த வேகத்தில் தடுமாறும். கம்பிச்சுருள் சூடாகி மின்தடை மாறினாலும் பிசகும். காற்றாலைக்கு இது பெரிய குறையல்ல. காற்றில்லாத நேரத்தில் உற்பத்தியும் இல்லையே.

என் கவலை வேறு. கணக்குப் போடும் கருவி கன்வெர்ட்டருக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. கன்வெர்ட்டர் பழுதானால் இரண்டு காரியம் ஒரே நேரத்தில் நடக்கும். சுமை விட்டுப்போகும், காற்று தள்ளிக்கொண்டே இருப்பதால் சுழலியின் வேகம் ஏறும். வேகத்தைச் சொல்ல வேண்டிய கணக்கும் அதே கணத்தில் நின்றுபோகும். வேகம் தெரிந்தே ஆகவேண்டிய நேரத்தில் கண் மூடிக்கொள்கிறது!

ஆகவே அன்றாட ஓட்டத்துக்குக் கணக்கே போதும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிரேக்கைப் போடச் சொல்லும் அதிவேகப் பாதுகாப்புக்குத் தண்டில் தனியாக ஒரு சென்சார் இருக்கட்டும். செலவு மிச்சம் என்று அதையும் கழற்றிவிடக் கூடாது.

கணக்கு எழுதுகிறவரே அதைத் தணிக்கை செய்யக் கூடாது என்பது எந்த அலுவலகத்திலும் உள்ள விதி. யந்திரத்துக்கு மட்டும் ஏன் விலக்கு?